பழைய லொறிக்கு எந்தப் பச்சை?

"சேர், பச்சையில் எத்தனை பச்சை இருக்கிறது?"

என்னிடம் முன்னர் இரசாயனம் பயின்ற மாணவர் ஒருவர், சென்ற ஆண்டு ஒரு மாலை வேளையில் வீட்டுக்கு வந்து இப்படிக் கேட்டார். கேள்வி வேடிக்கையாகத் தோன்றினும், அவர் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் இடிந்த கொட்டகையிலே பல்லாண்டுகளாகக் கிடந்த ஒரு லொறியை விலைக்கு வாங்கி, பண்டாரவளையில் உள்ள தமது கராஜிலே பாகம் பாகமாகக் கழற்றிச் சீர்செய்து கொண்டிருந்தார். இயந்திரம் உயிர்பெற்றுவிட்டது. துருப்பிடித்த தகரங்கள் மாற்றப்பட்டுவிட்டன. எஞ்சியிருந்தது வர்ணம் பூசுவது ஒன்றே.

அது சாதாரண லொறி அன்று. இரண்டாம் உலக யுத்த காலத்தில் கனடா தேசத்தில் செய்யப்பட்ட இராணுவ லொறி. ஆகையால் கடையிலே "இராணுவப் பச்சை" என்று கேட்டு ஒரு டின் பெயின்ட் வாங்கி வந்திருந்தார். அதைத் தகரத் துண்டொன்றில் பூசிப் பார்த்தபோது, திரைப்படத்தில் வரும் லொறியைப் போல இருந்ததேயன்றி, தாம் கழற்றிய பாகங்களின் மூலைமுடுக்குகளில் கண்ட நிறத்தைப் போல இல்லை என்பது அவர் குறை. "பச்சைதானே, எதை அடித்தால் என்ன?" என்று கராஜில் உள்ளவர்கள் சிரித்தார்களாம். அவருக்கு மனம் ஒப்பவில்லை.

அந்த ஒப்பாமை நல்லது என்று அவருக்குச் சொன்னேன். அதன் பின்னர் நாங்கள் இருவரும் அந்த லொறியின் நிறத்தைத் தேடிச் சென்ற கதையையும், அதில் நான் கற்றுக்கொண்ட பாடத்தையும் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

கனடாவிலிருந்து வந்த வண்டி

1940 ஆம் ஆண்டு டன்கேர்க் கடற்கரையிலிருந்து தப்பி வந்த பிரித்தானியப் படை, அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட வாகனங்களைப் பிரான்சு மண்ணிலே கைவிட்டு வந்தது. அந்தப் பெருங்குறையை நிரப்புவதில் கனடாவுக்குப் பெரும் பங்கு இருந்தது. ஒன்ராறியோ மாகாணத்தில், வின்ட்சர் நகரில் போர்ட் கம்பனியும், ஒஷாவா நகரில் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியும் பிரித்தானிய இராணுவத்தின் அளவுத்திட்டத்துக்கு அமைய லொறிகளைச் செய்து குவித்தன. யுத்தம் முடிவதற்குள் கனடா செய்தளித்த இராணுவ வாகனங்கள் 8 இலட்சத்துக்கும் அதிகம். அவற்றுள் ஏறத்தாழப் பாதி, ஒரே மாதிரியின்படி அமைந்த இத்தகைய லொறிகளாகும்.

கனடாவில் வாகனங்கள் வீதியின் வலப்பக்கமாகச் செல்வன. எனினும் பிரித்தானியப் படைகளுக்கென்று செய்யப்பட்டமையால், இவற்றின் ஓட்டுநர் ஆசனம் நம் நாட்டு வாகனங்களைப் போல வலப்புறமே இருக்கும். பிற்கால மாதிரியின் முன்கண்ணாடி விநோதமானது. அதன் மேல்விளிம்பு முன்னால் நீட்டிக்கொண்டும், கீழ்விளிம்பு உள்ளே ஒடுங்கியும் இருக்கும். வெயிலொளி கண்ணாடியிற் பட்டுத் தெறித்து, வானில் பறக்கும் எதிரி விமானத்துக்கு வண்டியைக் காட்டிக்கொடுக்காதிருப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. கண்ணாடி விஷயத்திலேயே இத்துணைக் கவனம் எடுத்தவர்கள், வர்ணத்தை மனம்போனபடி பூசியிருப்பார்களா?

இவ்வண்டிகளுட் பல முழு உருவிலே கப்பலேறவில்லை. பாகங்களாகப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு இந்தியா, எகிப்து, தென்னாபிரிக்கா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குச் சென்று அங்கங்கே பூட்டப்பட்டன. கீழைத்தேயப் போர்முனையிலும் அவை பரவலாக ஓடின. நமது மலைநாடும் அந்தப் போருக்குப் புறம்பானதன்று. 1942 ஏப்ரல் 5 ஆம் திகதி கொழும்பிலும், 9 ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அந்தக் கப்பற்படை வருவதை முதல் நாளே கண்டு செய்தி அனுப்பியவர், கொக்கலையிலிருந்து பறந்த கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சல். 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் கண்டிக்கு வந்து, பேராதனைப் பூந்தோட்டத்தில் அமர்ந்தது. 1900 ஆம் ஆண்டில் போயர் யுத்தக் கைதிகளை அடைத்து வைத்த தியத்தலாவை, இந்த யுத்தத்தின்போதும் படைவீரர் நிறைந்த முகாமாக இருந்தது. போர் ஓய்ந்த பின்னர், மிச்சமான இராணுவ வாகனங்கள் பல நாடுகளிலும் விலைக்கு விடப்பட்டன. நம்முடைய லொறியும் அவ்வாறுதான் தோட்டத்துக்கு வந்தது என்பது அங்குள்ள பெரியவர்களின் வாக்கு.

ஆறு ஆண்டுகளில் பல நிறங்கள்

"இராணுவப் பச்சை" என்று ஒரே நிறம் என்றைக்கும் இருந்ததில்லை. பிரித்தானியப் படையின் வாகனங்கள் யுத்தம் நடந்த ஆறு ஆண்டுகளில் பலமுறை நிறம் மாறின.

1939 இல் போர் தொடங்கியபோது வழக்கிலிருந்தது "காக்கிப் பச்சை இலக்கம் 3" எனப்பட்ட நிறம். 1942 அளவில் அது மாறி, பழுப்பு நிறம் அடிநிறமாயிற்று. காரணம் அழகுமன்று, போர்த் தந்திரமுமன்று, தட்டுப்பாடு. பச்சை வர்ணத்துக்கு வேண்டிய குரோமியம் ஒட்சைட்டு அரிதாயிற்று. பழுப்புக்கு வேண்டிய இரும்பு ஒட்சைட்டோ தாராளமாகக் கிடைத்தது. 1944 ஏப்ரலில் "ஒலிவ் டிராப்" என்னும் மங்கிய ஒலிவ நிறத்துக்கு மாறும்படி கட்டளை பிறந்தது. அமெரிக்காவிலிருந்து அதே போன்ற நிறத்தில் வந்துகொண்டிருந்த வாகனங்களை மீண்டும் வர்ணம் பூசாமலே சேர்த்துக்கொள்ள இது வசதியாயிற்று. அந்த அமெரிக்க ஒலிவ நிறம் மஞ்சட் காவியும் கறுப்பும் கலந்து பிறந்தது என்பதைக் கேட்டால் வாசகர்கள் வியப்படையலாம். பச்சைப் பொடி ஒரு சிட்டிகையும் சேராமல், கண்ணுக்குப் பச்சையாகத் தோன்றும் நிறம் அது!

வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் ஓடிய வண்டிகளுக்கு மணல் நிறம். பர்மியக் காடுகளுக்குச் சென்றவற்றுக்கு "ஜங்கிள் கிறீன்" என்ற இருண்ட காட்டுப் பச்சை. ஆகவே, ஒரே தொழிற்சாலையில் ஒரே மாதத்தில் பிறந்த இரண்டு லொறிகள், இரு வேறு போர்முனைகளில் இரு வேறு நிறங்களில் நின்றிருக்கலாம்.

நிறங்களுக்கு இலக்கமிட்ட புத்தகங்கள் இருக்கின்றனவே, அவற்றைப் பார்த்து வாங்கினால் என்ன என்று கேட்கலாம். பிரித்தானிய நியமப் பட்டியல் 1930 இல் தொடங்கியது. அமெரிக்க அரசாங்கத்தின் 595 ஆம் இலக்க நியமம் 1956 இல் வெளிவந்தது. யுத்தமோ 1945 இல் முடிந்துவிட்டது. பின்னால் வந்த புத்தகத்தின் இலக்கம், முன்னிருந்த நிறத்துக்குக் கிட்டிய உறவாக இருக்குமேயன்றி அதுவேயாகாது. பழைய புகைப்படங்களும் முழுச் சாட்சி அல்ல. கறுப்பு வெள்ளைப் படத்தில் பழுப்பும் பச்சையும் ஒன்றாகிவிடும். வர்ணப் படமோ தானே வெளுத்துப்போய் நிற்கும்.

இரும்பு சொல்லும் சாட்சி

அப்படியானால் யாரைக் கேட்பது? லொறியைத்தான் கேட்க வேண்டும். வெயிலும் மழையும் தொடாத இடங்கள் எந்த வண்டியிலும் உண்டு. உற்பத்தி விபரம் பொறித்த உலோகத் தகட்டின் பின்புறம், கதவுக் கீல்களின் அடி, ஆசனத்தின் கீழ், இரண்டு தகரங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் இடுக்கு, பெரிய ஆணிகளின் தலைக்கடி — இவையே முதலிற் பார்க்க வேண்டிய இடங்கள்.

பார்க்கும் முறையும் ஒன்றுண்டு. கத்தியால் சுரண்டக்கூடாது. நுண்ணிய அரத்தாளைத் தண்ணீரில் நனைத்து, ஓர் இடத்தில் வட்டமாக மெல்லத் தேய்க்க வேண்டும். நடுவில் இரும்பு தெரியுமட்டும் தேய்த்தபின் பார்த்தால், மரத்தை அறுத்தபோது ஆண்டு வளையங்கள் தெரிவதுபோல, அடுக்கடுக்கான பூச்சுகள் வளையங்களாகத் தோன்றும். உள்வளையம் முதற்பூச்சு, வெளிவளையம் கடைசிப் பூச்சு.

இங்கே குடும்பத்தினருக்கு ஓர் எச்சரிக்கை. அக்காலத்து வர்ணங்களில் ஈயம் கலந்திருக்கும். உலர்ந்த நிலையில் தேய்த்தால் அந்தத் தூள் மூச்சோடு உட்செல்லும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும் என்பது ஐயமற நிறுவப்பட்ட உண்மை. ஆதலால் ஈரமாகவே தேய்க்க வேண்டும். தகுந்த முகக்கவசம் அணிய வேண்டும். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அருகில் விடக்கூடாது. வழித்தெடுத்த கசண்டை மரக்கறித் தோட்டத்தில் கொட்டவும் கூடாது. வேலை முடிந்ததும் கைகழுவி, உடைமாற்றிய பின்னரே சாப்பாட்டுக்கு உட்கார வேண்டும்.

நாங்கள் கதவருகில் தேய்த்தபோது ஐந்து வளையங்கள் தெரிந்தன. இரும்பை ஒட்டிச் செங்காவி நிற அடிப்பூச்சு, அதன்மேல் பழுப்பு, அதன்மேல் கரும்பச்சை, அதன்மேல் நீலம், எல்லாவற்றுக்கும் மேலே, கொட்டகைக்குப் போகுமுன் துருவுக்கு அஞ்சி யாரோ தூரிகையால் இழுத்துவிட்ட மங்கிய சிவப்பு. தகட்டிலே 1943 என்ற ஆண்டு இருந்தது. பழுப்பு நிறம் வழங்கிய காலமும் அதுவே. கரும்பச்சை, கீழைத்தேயத்துக்கு வந்தபின் ஏறியது. என்ஜின் மூடியின் பக்கத்தில் சிவப்பையும் நீலத்தையும் நீக்கியதும், கரும்பச்சையின்மேல் வெள்ளையில் எழுதிய இலக்கங்களின் நிழல் தென்பட்டது. முன்னால் "எல்" என்ற ஆங்கில எழுத்து. பிரித்தானியப் படையில் லொறிகளைக் குறித்த எழுத்து அது. என் மாணவரின் கை சற்று நேரம் அசையாமல் அங்கேயே நின்றுவிட்டது.

கண் செய்யும் பிழை

அடுக்கைக் கண்டுவிட்டால் நிறம் கிடைத்துவிட்டதாகாது. பழைய வர்ணத்தின் மேற்பரப்பு வெயிலில் நொந்து மாவாகியிருக்கும். அந்த மாவு ஒளியைச் சிதறடிப்பதால் நிறம் வெளிறித் தோன்றும். அதைச் சிறிது தேய்த்து, ஒரு துளி நீரால் நனைத்துப் பார்த்தால் உள்ளிருக்கும் ஆழம் தெரியும்.

வெளிச்சமும் ஏமாற்றும். மின்விளக்கின் கீழ் ஒன்றுபோலத் தோன்றும் இரு பச்சைகள், பகல் வெளிச்சத்தில் அண்ணனும் தம்பியும்போல் பிரிந்து நிற்கும். புடைவைக் கடையில் சேலைக்கு இரவிக்கைத் துணி பொருத்தி வாங்கி, வாசலுக்கு வந்ததும் ஏமாந்து திரும்பிய பெண்மணிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எனவே, மேகம் மூடிய முற்பகல் வெளிச்சத்தில்தான் நிறத்தை ஒப்பிட வேண்டும். பண்டாரவளையில் அத்தகைய பொழுதுக்குப் பஞ்சமில்லை.

மூன்றாவது, மினுக்கம். யுத்தகால வர்ணம் மினுக்கமற்றது. அதே நிறத்தை இன்றைய மினுக்கமுள்ள எனாமலில் கலந்தால் அது இருண்டு தோன்றும். லொறியும் புதுப் பொம்மைபோல் பளபளக்கும். மாதிரியை உள்ளங்கை அகலத் துண்டில் மட்டும் பூசிப் பார்ப்பதும் போதாது. சிறு துண்டில் அடக்கமாகத் தோன்றும் நிறம் பெரிய பரப்பில் பளிச்சென்று எழும். ஒரு கதவு முழுவதும் பூசி, முற்றிலும் காய்ந்த பின் பார்ப்பதே உத்தமம்.

நீல லொறி

இவ்வளவும் செய்த பின்னர் நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்: "முதற்பூச்சுப் பழுப்பு. அதுவே உண்மை நிறம். பழுப்பே பூசும்." என் மாணவர் கரும்பச்சையை விரும்பினார். பழைய இராணுவ வாகனம் என்றால் பச்சையாக இருந்தாற்றான் கலியாண ஊர்வலத்துக்கும் படப்பிடிப்புக்கும் வாடகைக்கு எடுப்பார்கள் என்பது அவர் கணக்கு. இருவரும் வாதிட்டுக் கொண்டிருந்தபோது, அவருடைய தாத்தா கராஜுக்கு வந்தார். எண்பத்தாறு வயது. அந்தத் தோட்டத்திலே லொறி ஓட்டியவர் அவர்தான். பேரன் இந்த வண்டியைத் தேடி வாங்கியதற்குக் காரணமும் அதுவே.

பழுப்பு மாதிரியையும் பச்சை மாதிரியையும் பார்த்துவிட்டு அவர் தலையசைத்தார்.

"மாஸ்டர், இது நீல லொறிங்க. மலை முழுக்க இதுக்கு நீல லொறின்னுதான் பேரு. கொழுந்து ஏத்துனது, விறகு ஏத்துனது, அரிசி ஏத்துனது எல்லாம் நீல லொறியிலதான்."

சற்று நேரம் சும்மா இருந்தார். பிறகு சொன்னார்: "இந்தியாவுக்குப் போன சனத்தை எல்லாம் இதுலதான் ஸ்டேசனுக்குக் கொண்டுபோய் விட்டேன். அம்மிக்கல்லையும் ஏத்துன்னு ஒரு அம்மா அழுதுச்சு. ஏத்திட்டேன். ஸ்டேசன்ல இறக்கிட்டு, ரயில்ல ஏத்த முடியாதுன்னு அங்கேயே விட்டுட்டுப் போச்சு. என் அண்ணன் குடும்பத்தையும் நான்தான் கொண்டுபோய் விட்டேன். லொறி திரும்புற வரைக்கும் அண்ணன் பார்த்துக்கிட்டே நின்னுச்சு."

1964 அக்டோபர் 30 ஆம் திகதி கைச்சாத்தான ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது என்றும், 3 இலட்சம் பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை அளிப்பது என்றும் முடிவாயிற்று. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் விதி 1974 இல் இரு நாட்டுக்கும் சமமாகப் பிரிக்கப்பட்டது. மலைநாட்டுப் புகையிரத நிலையங்களில் ஏறியவர்கள் தலைமன்னார் சென்று, கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார்கள். அவர்களுட் பலர் நீலகிரியிலே மீண்டும் தேயிலைச் செடிக்கே திரும்பினார்கள். இவையெல்லாம் சரித்திர நூல்களில் உண்டு. அவர்களை நிலையம் வரை சுமந்து சென்ற லொறியின் நிறம் எந்த நூலிலும் இல்லை. அது இந்த முதியவரின் நினைவிலும், இந்தக் கதவின் நான்காவது வளையத்திலும் மாத்திரமே இருந்தது.

என் தீர்ப்பு எவ்வளவு அவசரமானது என்பது அப்பொழுதுதான் புரிந்தது. பழுப்பாக இந்த லொறி ஓராண்டோ ஈராண்டோ இருந்திருக்கும். கரும்பச்சையாக அதைவிடச் சற்றுக் கூடுதலாக. நீலமாக ஓடியதோ முப்பது ஆண்டுகளுக்கு மேல். எது உண்மை நிறம்?

எனினும், நினைவை மட்டும் நம்பி நீலம் கலப்பதும் தவறு. மனத்தில் நிற்கும் நிறம், கண்ட நிறத்தைவிடப் பளிச்சென்று மாறிவிடுவது மனித இயல்பு. கதவில் தோட்டத்தின் பெயர்ப்பலகை பூட்டியிருந்த இடத்தைக் கழற்றிப் பார்த்தோம். அதனடியில் மாசுபடாத நீலம் இருந்தது. ஆனால் சற்றுப் பச்சை கலந்தாற்போலத் தெரிந்தது. முதியவர், "இது இல்லைங்க" என்றார். இங்கேதான் இரசாயனம் கைகொடுத்தது. எண்ணெய் கலந்த வர்ணம் நெடுங்காலம் இருளில் இருந்தால், அதிலுள்ள எண்ணெய் மஞ்சளாகும். நீலத்தோடு மஞ்சள் சேர்ந்தால் பச்சைச் சாயல் தோன்றும். அதை மீண்டும் பகல் வெளிச்சத்தில் வைத்தால் அந்த மஞ்சள் பெரும்பாலும் அகன்றுவிடும். கதவை மூன்று வாரம் சன்னலோரம் சாய்த்து வைத்தோம். பின்னர் முதியவரை அழைத்துக் காட்டினோம். அவர் ஒன்றும் பேசவில்லை. அருகில் சென்று உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றார். அந்தச் சன்னலோர நீலத்தை ஒப்பிட்டே புது வர்ணம் கலக்கப்பட்டது.

முதலில் ஆண்டு, பிறகு வர்ணம்

இன்று அந்த லொறி நீலமாக நிற்கின்றது. என்ஜின் மூடியின் பக்கத்தில், வெள்ளை இலக்கங்கள் தெரிந்த இடத்தில் மட்டும், ஒரு சாண் அகலக் கரும்பச்சையை மறைக்காமல் விட்டிருக்கின்றார். கதவின் உட்புறத்தில் நாங்கள் தேய்த்த ஐந்து வளையங்களையும் தெளிந்த வார்னிஷ் பூசிக் காத்திருக்கின்றார். பச்சை இல்லையே என்று கலியாண வாடகை ஒன்று கைநழுவிப் போனது உண்மைதான். சென்ற ஆயுத பூசையன்று தாத்தாவே தம் கையால் அதற்குச் சந்தனமும் குங்குமமும் இட்டார்.

பழைய லொறியை நீலமாக்குங்கள் என்று நான் எல்லாருக்கும் சொல்ல வரவில்லை. போர்க்காலத்து லொறியாகவே காண விரும்புகிறவர் பழுப்போ பச்சையோ பூசுவதில் குற்றமில்லை. அதுவும் அந்த வண்டியின் சரித்திரமே. நான் சொல்வது இதுதான்: "இந்த லொறியின் நிறம் என்ன?" என்ற கேள்வி அரைக் கேள்வி. "எந்த ஆண்டில்?" என்பதையும் சேர்த்தாற்றான் அது முழுக் கேள்வி. முதலில் ஆண்டைத் தீர்மானியுங்கள். அந்த ஆண்டின் நிறத்தை இரும்பிடம் கேளுங்கள். அதை அறிந்த மனிதர் உயிரோடிருந்தால், தாமதியாமல் அவரிடமும் கேளுங்கள். நீங்கள் தேர்ந்துகொள்ளாத ஆண்டுகளின் பூச்சையும் ஓரிடத்திலேனும் அழிக்காமல் விட்டுவையுங்கள். நாளை வேறொருவர் வேறொரு கேள்வியோடு வரக்கூடும்.

கும்பாபிஷேகம் தோறும் கோபுரத்துப் பதுமைகளுக்குப் புது வர்ணம் பூசுகின்றோம். அடியில் இருந்த பழைய நிறம் யாது என்று ஒரு கணமேனும் பார்க்கின்றோமா? வீட்டிலுள்ள பழைய பெட்டகத்தை, பாட்டியின் தையல் இயந்திரத்தைப் புதுப்பிக்கும்போதும் இவ்வாறே. சுரண்டி எறிவதற்கு ஒரு மணி நேரம் போதும். எறிந்த பிறகு, அந்த நிறத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.